முதல் ஆவணப்படம்: எல்லையோர வாசகர்களின் கேள்விகள்

ஆவணப்படம் எடுப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். தமிழ்நாடு, கேரள எல்லையில் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவிலிருந்து பாறசாலை வரை, மலைக்கு இருபுறமும் இருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்து, ஊர்ப் பெயர் மட்டும் போட்டுப் பதில் தருகிறோம்.

கல்யாண வீடியோ எடுக்கும் தொழில். எங்கள் பக்கத் தென்னந்தோப்புகளில் கள் இறக்குபவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க ஆசை. கேமரா இருக்கிறது. எங்கே தொடங்குவது? (கொழிஞ்சாம்பாறை)

கள் இறக்குபவர்கள் என்பது இப்போதைக்கு ஒரு தலைப்புதான். அது படமாக வேண்டுமானால் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு முன்னால் இன்னும் விடை தெரியாத ஒரு விஷயம் வேண்டும். முழங்கால் தேய்ந்துபோன ஒருவர் மகனை மரம் ஏறப் பழக்குவதா வேண்டாமா என்று யோசிக்கிறார் என்றால் அது படம். தோப்பு எல்லையை ஒட்டி இருக்கிறது, கேரளப் பக்கம் கள் இறக்குவது உரிமம் உள்ள தொழில், தமிழ்நாட்டுப் பக்கம் 1987 முதல் தடை, ஆனால் ஆளுக்கு இரண்டு பக்கமும் சொந்தபந்தம் என்றால் அதுவும் படம். "கள் ஒரு பாரம்பரிய பானம்" என்று தொடங்கினால் பள்ளிக்கூடக் கட்டுரை.

நீங்கள் எடுத்துக்கொண்ட விஷயத்தில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அது தினமும் நடக்கிறது. காலையில் தவறவிட்டதை மாலையில் எடுக்கலாம், இன்று தவறியதை நாளை எடுக்கலாம். முதல் படத்துக்கு விஷயம் தேடும் எல்லோருக்கும் நாங்கள் சொல்வது இதைத்தான்: திரும்பத் திரும்ப நடப்பதைப் பிடியுங்கள். கல்யாணத்தில் தாலி கட்டுவது ஒரே தடவை. விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளுவீர்கள். அந்தப் பழக்கத்தோடு தோப்புக்குப் போனால் ஒரு வாரத்தில் ஹார்ட் டிஸ்க் நிறையும், ஒரு காட்சிகூடத் தேறாது.

முதல் இரண்டு மூன்று தடவை கேமரா இல்லாமல் போங்கள். எத்தனை மணிக்கு வருகிறார், கத்தியை எங்கே தீட்டுகிறார், எந்த மரத்தில் தொடங்குகிறார், வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, கள் வண்டி எப்போது வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நாள் அகலமான ஷாட்டுகள் மட்டும். அடுத்த நாள் கை, கால், கத்தி, பாளை என நெருக்கமானவை மட்டும். இன்னொரு நாள் கேமராவைத் திறக்காமல் ஒலி மட்டும்.

கல்யாண வீடியோவிலிருந்து விட வேண்டியவை மூன்று: ஸ்லோ மோஷன், கேமரா குலுங்காமல் தாங்கும் கிம்பலோடு சும்மா சுற்றிச் சுற்றி வருவது, பாட்டை நம்பி எடுப்பது. பழக வேண்டியது ஒன்றுதான். செயல் முடிந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் கேமராவை நிறுத்தாமல் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். ஆள் மரத்திலிருந்து இறங்கிக் குடுவையைக் கீழே வைத்ததும் கட் பண்ணிவிடுவோம். அதற்குப் பிறகுதான் அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார், மூச்சு வாங்குவார், மேலே ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார். எடிட்டிங்கில் தேடுவது அதைத்தான்.

மரத்தின் உச்சிக்குக் கேமராவோடு ஏற முயல வேண்டாம். பக்கத்து வீட்டு மொட்டைமாடி கிடைத்தால் ஜூம் போதும். சின்ன ரெக்கார்டர் ஒன்றில் காலர் மைக்கைச் செருகி, வயர் எதிலும் மாட்டாதபடி அவர் சட்டைக்குள் ஒட்டிவிட்டால், மேலே பாளையைச் சீவும் ஒலியும் தட்டும் ஒலியும் மூச்சும் கீழே வந்துவிடும். படம் தூரத்தில், ஒலி காதோரத்தில். இது மிக நன்றாக வேலை செய்யும். ஆனால் அவர் சம்மதித்தால் மட்டும், அதுவும் இடைக்கயிற்றுக்கும் கத்திக்கும் எட்டாத இடத்தில்.

நீளம் 10 முதல் 15 நிமிடம் போதும். ஒரு மணி நேரப் படம் இரண்டாவது முயற்சிக்கு இருக்கட்டும்.

கையில் ஒரு நல்ல போன், சேமிப்பு 40,000 ரூபாய். கேமரா வாங்கலாமா? (குமுளி)

வேண்டாம். அந்தப் பணத்தில் வரும் கேமரா உங்கள் போனைவிடப் பெரிதாக எதையும் செய்துவிடாது. ஒலிக்கும் ட்ரைபாடுக்கும் ஹார்ட் டிஸ்குக்கும் முதலில் செலவு செய்யுங்கள். மீதியைப் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் படங்கள் பாதியில் நிற்பது பெரும்பாலும் லென்ஸ் இல்லாததால் அல்ல, போய்வரக் காசு தீர்ந்ததால்.

போனில் எடுப்பதென்றால் சில விஷயங்களை முன்கூட்டியே சரிசெய்ய வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். போன் தானாக நொடிக்கு 30 ஃபிரேம் (படங்கள்), ஒவ்வொன்றுக்கும் 1/60 நொடி ஷட்டர் என்று எடுத்தால் அந்த மினுக்கல் திரையில் பட்டை பட்டையாக ஓடும். 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று பூட்டிவிட்டால் தொல்லை இல்லை. ஐபோனில் பால் (PAL) ஃபார்மட் என்ற தேர்வைத் திறந்தால்தான் 25 தெரியும். விலை குறைந்த சில எல்இடி விளக்குகள் எதற்கும் அடங்காது. அவற்றை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பதே வைத்தியம்.

அடுத்தது ஃபிரேம் ரேட் ஏறி இறங்குவது. பல போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் ரேட்டைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளும். தனியாக ஒலி பதிவு செய்திருந்தால், பேட்டி தொடங்கும்போது சரியாக இருக்கும் உதடும் சொல்லும் போகப் போக விலகும். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப்பில் ஃபிரேம் ரேட், ஷட்டர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் எல்லாவற்றையும் பூட்டலாம். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால், ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிய பிறகே எடிட்டிங்கில் போடுங்கள். எடுக்கும்போது போன் ஏரோபிளேன் மோடில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அழுகிற காட்சியின் நடுவில் கடன் கம்பெனிக்காரர் போன் செய்வார்.

இடம் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 20 மணி நேரம் எடுத்தால் 900 ஜிபி. அதை இரண்டு டிஸ்கில் வைக்க வேண்டும், ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று வேறொருவர் வீட்டில். இரண்டிலும் ஏறி, சில ஃபைல்களைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே போனிலிருந்தோ கார்டிலிருந்தோ அழியுங்கள். கார்டு வாங்கும்போது வி30 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்று பொருள்.

மழைக்காலத்தில் உங்கள் ஊர் ஈரம் லென்ஸில் பூஞ்சை பிடிக்கவைக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். குளிரிலிருந்து அடுப்பெரியும் சமையலறைக்குள் நுழைந்தால் லென்ஸ் கண்ணாடியில் ஆவி படியும். துடைத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. படியும் ஆவி வற்ற இருபது நிமிடம் விடுங்கள். அதுவரை காபி குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருங்கள்.

நான்கு பேட்டி எடுத்தேன். படம் நன்றாக இருக்கிறது, பேச்சுதான் கேட்கவில்லை. ஒரே இரைச்சல். சாஃப்ட்வேரில் சரிசெய்ய முடியுமா? (கோவிந்தாபுரம்)

கொஞ்சம் முடியும். சீரான மின்விசிறி இரைச்சலைக் குறைக்கலாம். காற்று மைக்கில் மோதி எழும் தடதடப்பும், எதிரொலியும், அளவு மீறிக் கிழிந்த ஒலியும் முழுசாகத் திரும்பாது. சுத்தம் செய்யச் செய்ய ஆள் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போலாகிவிடும். அந்த நான்கில் இரண்டையாவது திரும்ப எடுக்க முடியுமா பாருங்கள்.

இரைச்சல் வந்ததற்குக் காரணம் கேமரா மேல் இருக்கும் மைக்தான் என்று கடிதத்திலிருந்தே தெரிகிறது. மைக் நல்லதா கெட்டதா என்பதைவிட வாயிலிருந்து எவ்வளவு தூரம் என்பதே முக்கியம். ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் வயர் உள்ள காலர் மைக், தாடையிலிருந்து ஒரு சாண் கீழே இருந்தால், இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் விலையுயர்ந்த மைக்கைத் தோற்கடிக்கும். பெண்களுக்குப் பொருத்தும்போது தாலிக்கொடியோ சங்கிலியோ மைக்கில் உரசும், ஒவ்வொரு அசைவுக்கும் டக் டக் என்று கேட்கும். மைக்கைச் சங்கிலிக்கு மேலாக, சேலைத் தலைப்பின் விளிம்பில் ஒரு பக்கமாக வையுங்கள். எங்கே குத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து அவரையே குத்திக்கொள்ளச் சொல்வதே முறை. பட்டும் மொடமொடப்பான பருத்தியும் சரசரக்கும். பழைய நூல்சேலை உத்தமம்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நீங்கள் அறிவீர்கள். ஆனி, ஆடியில் வெளியே பேட்டி எடுப்பதென்றால் மைக்கோடு வரும் பஞ்சு உறை எதற்கும் காணாது. ரோமம் அடர்ந்த உறை வேண்டும். அதோடு ஆளைக் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள், அல்லது வீட்டின் மறுபுறச் சுவரோரம். தென்னந்தோப்பில் ஓலை இரைச்சல் பேச்சை முழுங்கிவிடும். தோப்பை அகலமாக எடுத்துக்கொண்டு, பேச்சை வேறு இடத்தில் பதிவு செய்வது நல்லது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேளுங்கள். ஃபேன், மிக்ஸி, குக்கர் விசில், பக்கத்து வீட்டுச் சீரியல், கோழி. நிறுத்தக்கூடியதை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜை அணைத்தால் உங்கள் பைக் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். திரும்பப் போடாமல் கிளம்பிப் போய் அவர்கள் வீட்டுப் பால் திரிந்தது என்ற பேச்சு வராது. வெறும் சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருக்கும் புது வீடுகளில் குரல் எதிரொலிக்கும். கேமராவுக்குத் தெரியாத பக்கம் ஜமக்காளமும் மெத்தையும் விரித்துப் போட்டால் பாதி அடங்கும். தகரக் கூரை வீட்டில் மழை பிடித்துக்கொண்டால் பேட்டியை நிறுத்திவிட்டு மழையை எடுங்கள்.

ஒலியின் அளவை வைக்கும்போது ஆள் சாதாரணமாகப் பேசுகையில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். சிரித்தாலும் கத்தினாலும், ஒலி கிழியும் எல்லையான பூஜ்யத்தைத் தொடாது. புதிதாக வரும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்களில் அளவு மீறினாலும் பின்னால் மீட்டெடுக்கலாம் என்பது உண்மைதான், காற்றுக்கு மட்டும் அது உதவாது. பதிவு முழுக்கக் காதில் ஹெட்போன் இருக்க வேண்டும். மீட்டர் ஆடுவதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் வயர் தளர்ந்து கரகரவென்று இருக்கும். தனி ரெக்கார்டர் என்றால் படத்தையும் ஒலியையும் பின்னால் பொருத்த, தொடக்கத்தில் கேமரா முன்னால் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு. கிளம்பும் முன் எல்லோரையும் அப்படியே உட்கார வைத்து, யாரும் பேசாமல் ஒரு நிமிட வெறும் ஒலி எடுங்கள். பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவில் வரும் ஓட்டையை அடைக்க அதே அறையின் மௌனம் வேண்டும். வேறு அறையின் மௌனம் ஒட்டாது.

எஸ்டேட் லயங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைப் படமெடுக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ட்ரோன் பறக்கவிடலாமா? (மூணாறு)

லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடு கம்பெனி நிலத்தில் இருக்கிறது. குடும்பம் வாங்க என்று சொன்னாலும், எஸ்டேட் அலுவலகத்தில் எழுத்து அனுமதி இல்லாமல் போனால் அடுத்த நாள் அந்தக் குடும்பத்திடம்தான் விசாரணை வரும். விண்ணப்பத்தில் என்ன எடுக்கிறீர்கள், எந்தத் தேதிகள், எத்தனை பேர், எங்கே காட்டப்போகிறீர்கள் என்று நேராக எழுதுங்கள். சுற்றுலாப் படம் என்று சொல்லி நுழைந்து கூலியைப் பற்றிக் கேட்பது உங்களுக்குச் சாமர்த்தியமாகத் தெரியலாம், அதன் விலையைக் கொடுப்பது அங்கே வேலை பார்ப்பவர்கள். அனுமதி கிடைக்காவிட்டால் பொதுச்சாலை, கடைத்தெரு, கோயில், தொழிற்சங்க அலுவலகம், ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர்களின் வீடு என்று படத்தையே வெளியே நகர்த்த வேண்டியதுதான். 2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் நடத்திய பெம்பிளை ஒருமைப் போராட்டமே நகரத்துச் சாலையில் நடந்ததுதானே.

கங்காணியோ சூப்பர்வைசரோ பக்கத்தில் நிற்கும்போது எடுக்கும் பேட்டிக்கு மதிப்பில்லை. அவர் வெளிச்சத்துக்கு உதவுகிறேன் என்று நின்றாலும்.

காட்டுக்குள் என்றால் கணக்கு வேறு. இரவிகுளம் தேசியப் பூங்கா, பெரியாறு, பறம்பிக்குளம் புலிகள் காப்பகங்கள் போன்ற இடங்களில் படமெடுக்க 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறையின் அனுமதி வேண்டும். சுற்றுலாச் சீட்டு வாங்கியது படப்பிடிப்பு அனுமதி ஆகாது. வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவிகுளம் மூடியிருக்கும், அந்த மாதங்களில் தேதி போடாதீர்கள்.

ட்ரோனுக்கு 2021 விதிகள் இருக்கின்றன. டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று முதலில் பாருங்கள். வனத்துக்கு மேலும் அணைகளுக்கு அருகிலும் பறக்கவிட நினைக்கவே வேண்டாம். எங்களைக் கேட்டால் தேயிலைச் சரிவை மேலிருந்து காட்டும் ஷாட் எல்லோரிடமும் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு லயத்து வாசலில் ஒரு அம்மா பிளாஸ்டிக் படுதாவை இடுப்பில் சுற்றி, அதன் மேல் சாக்கைக் கட்டி, கயிற்றை இறுக்கும் ஷாட் உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

பேட்டி கொடுத்தவர் பிறகு மனம் மாறினால்? பணம் கொடுக்கலாமா? (வாளையார்)

சம்மதத்தை அவர் படிக்கத் தெரிந்த மொழியில் எழுதி வாங்குங்கள். உங்கள் பக்கம் தமிழ் பேசுகிற பலர் படித்தது மலையாளப் பள்ளியில், அவர்களிடம் தமிழ்ப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது சம்மதமல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவரென்றால் படிவத்தை வாசித்துக் காட்டி, பெயர், தேதி, எதற்காக, எங்கெல்லாம் காட்டுவோம் என்பதைச் சொல்லி, சரி என்று அவர் சொல்வதைக் கேமராவிலேயே பதிவு செய்யுங்கள். ஒரு நகல் அவரிடம் இருக்கட்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்தோடு பிள்ளையும் சம்மதிக்க வேண்டும்.

மனம் மாறினால் சட்டம் பேசாதீர்கள். எந்தப் பகுதி உறுத்துகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியமாக இருக்கும், மைத்துனரைப் பற்றியோ முதலாளியைப் பற்றியோ. அதை எடுத்துவிட்டால் தீர்ந்தது. வேலையோ உயிரோ ஆபத்துக்குள்ளாகும் என்றால் முழுப் பேட்டியையும் விட்டுவிட வேண்டும்.

பதிலுக்குப் பணம் கொடுக்கக் கூடாது. ஆனால் உங்களுக்காக ஒரு நாள் வேலையை விட்டவருக்கு அந்த நாள் கூலி கொடுப்பது நியாயம். அதைப் பேட்டிக்கு முன்பே, இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில் போய்ப் போய் 60 மணி நேரம் எடுத்துவிட்டேன். எடிட்டிங்கில் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. (கம்பம்)

அறுபது அதிகம்தான், ஆனால் கெட்டுப்போகவில்லை. எடிட்டிங் மென்பொருளில் ஷாட்டுகளை அடுக்கும் டைம்லைனைத் திறக்காதீர்கள். முதலில் எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாகப் பாருங்கள், நாளைக்கு நான்கு மணி நேரம் என்று வைத்தால் 15 நாள். பார்க்கும்போது ஒரு நோட்டில் ஃபைல் பெயர், நேரம், என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். நீங்களே எதிர்பாராமல் சிரித்த இடம், நிமிர்ந்து உட்கார்ந்த இடம் எதுவோ அதற்கு ஒரு நட்சத்திரம். முதல் தடவை பார்க்கும்போது வரும் அந்த உணர்வு இரண்டாம் தடவை வராது, அதனால் உடனே குறித்துவிட வேண்டும்.

பேட்டிகளைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளுங்கள். சலிப்பான வேலை, ஆனால் வேறு வழி கிடையாது. பிரிண்ட் எடுத்து, தேவையான பத்திகளைக் கத்தரியால் வெட்டி, சுவரில் ஒட்டி வரிசை மாற்றிப் பாருங்கள். காகிதத்தில் ஒரு பத்தியை இடம் மாற்ற இரண்டு நொடி, கம்ப்யூட்டரில் அரை மணி நேரம்.

உங்கள் படத்துக்கு எலும்புக்கூடு தயாராகவே இருக்கிறது: விடியும் முன் ஜீப் கிளம்புகிறது, குமுளியோ கம்பம்மெட்டோ செக்போஸ்ட் தாண்டுகிறது, காய் எடுப்பு, மத்தியானச் சாப்பாடு, மாலையில் திரும்புகிறது. ஒரே நாள். அந்த நாளை ஐந்தாறு வெவ்வேறு நாட்களின் காட்சிகளால் கட்டலாம், ஆனால் சேலை நிறத்தையும் வானத்தையும் கவனியுங்கள். ஏறும்போது பச்சைச் சேலை, இறங்கும்போது நீலம் என்றால் பார்ப்பவர் கதையை விட்டுவிட்டு அதைத்தான் பார்ப்பார். காய் எடுப்பு சுற்றுச் சுற்றாக நடப்பதால், ஒட்டாத இடத்துக்கு அடுத்த சுற்றில் போய் ஒரு ஷாட் எடுத்துவரலாம். இப்போதே போகாதீர்கள், ரஃப் கட் என்னும் முதல் அடுக்கல் முடிந்து எது இல்லை என்று தெரிந்த பிறகு போங்கள்.

ஆடும் ஜீப்பில் எடுத்த பேச்சு தெளிவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பேச்சாக நம்ப வேண்டாம், ஒலியாக மட்டும் வையுங்கள். அதே பெண்கள் தோட்டத்தில் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது பேசியது இருந்தால் அதை ஜீப் காட்சியின் மேல் போடலாம்.

முதல் அடுக்கல் 50 நிமிடம் வரும், பயப்பட வேண்டாம். 25-க்குக் கொண்டுவாருங்கள், ஒரு வாரம் தொடாமல் விடுங்கள், பிறகு 15. அப்போது தோட்ட வேலை பற்றி ஒன்றும் தெரியாத மூன்று பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்கள். திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். கை எங்கே செல்போனைத் தேடுகிறதோ அங்கே நீளம். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "என்ன புரிஞ்சுது, சொல்லுங்க" என்று கேளுங்கள்.

மென்பொருளுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். லேப்டாப் திணறினால் முதல் வேலையாகப் ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் உதவும் சிறிய நகல்கள்) உருவாக்குங்கள், புது லேப்டாப் அப்புறம்.

எங்கள் ஊரில் ஒரே வாக்கியத்தில் தமிழும் மலையாளமும் வரும். படம் எந்த மொழியில் இருக்க வேண்டும்? (பாறசாலை)

அவர்கள் பேசுகிற மொழியில். பின்னணிக் குரல் வைத்துத் தூய தமிழில் விளக்க ஆரம்பித்தால் படத்தின் உயிரே போய்விடும். கேமராவைக் கண்டதும் பலர் செய்தி வாசிப்பாளர் தமிழுக்கு மாறிவிடுவார்கள், அதை உடைப்பதே உங்கள் வேலை. "உங்கள் வாழ்க்கை அனுபவத்தைக் கூறுங்கள்" என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும். "அண்ணே, நேத்து காலையில எழும்புனதுல இருந்து என்னெல்லாம் செய்தியோ, ஒண்ணொண்ணாச் சொல்லுங்க" என்று அவர் பாஷையிலேயே கேளுங்கள். உங்கள் கேள்வி படத்தில் வராது என்பதால், பதிலுக்குள் கேள்வியும் சேர்ந்து வர வேண்டும். "ஆமா" என்று நிறுத்தினால் சும்மா இருங்கள். மௌனம் தாங்காமல் அவரே தொடர்வார்.

சப்டைட்டில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் தனித்தனி ஃபைலாகச் செய்துவையுங்கள், படத்தின் மேல் பொறிக்காதீர்கள். ஆங்கிலம் என்றால் வரிக்கு 40 எழுத்து அளவில், அதிகம் போனால் இரண்டு வரி, ஒரு நொடிக்குக் குறையாமலும் ஆறேழு நொடிக்கு மிகாமலும். பேசியதை முழுசாக மொழிபெயர்க்கப் பார்த்தால் பார்வையாளர் முகத்தைப் பார்க்க நேரமிருக்காது.

1956 மாநில எல்லைப் பிரிப்பைப் பற்றி எடுக்க நினைக்கிறேன். பழைய காட்சிகள் எதுவும் கிடைக்கவில்லை. (செங்கோட்டை)

முதல் படத்துக்கு வரலாறு கடினம், ஆனால் உங்கள் விஷயத்தில் காத்திருக்கவும் முடியாது. 1956 நவம்பர் 1-ல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. கட்டமைப்பு, நிதி எல்லாம் பிறகு. அவர்களின் பேச்சை இந்த மாதமே நல்ல ஒலியில் பதிவு செய்யுங்கள்.

சலனக் காட்சிகளைத் தேடி அலைவதைவிட வீட்டுப் பெட்டிகளைத் திறக்கச் சொல்லுங்கள். மலையாளத்தில் எழுதிய திருவிதாங்கூர்க் கால நிலப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், குடும்ப ஆல்பம். அவற்றை ஸ்கேன் செய்து ஓடவிடுவதைவிட, அந்தப் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரத்தைப் பிரித்து வாசிக்க முயல்வதை எடுங்கள். செய்தித்தாள்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அரசு ஆவணங்களுக்குச் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள மாநில ஆவணக் காப்பகங்கள். நகல் எடுக்கும்போதே படத்தில் பயன்படுத்தும் அனுமதியையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

டீக்கடைக் காட்சியில் பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறது. பத்து நொடிதான், பரவாயில்லையா? (மீனாட்சிபுரம்)

பத்து நொடி வரை இலவசம் என்று நம் காப்புரிமைச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு, மெட்டுக்கும் வரிக்கும் எழுதியவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு. கடைக்காரரிடம் "அண்ணா, கொஞ்ச நேரம் ரேடியோவ நிறுத்துங்க" என்று கேட்டுவிட்டு எடுப்பதே எளிது. ஏற்கெனவே எடுத்ததில் பேச்சு இல்லாவிட்டால் ஒலியை நீக்கி, அதே கடையில் பாட்டில்லாத நேரத்து ஒலியைப் போடுங்கள். டீ ஆற்றும் சத்தமும் பஸ் ஹாரனும் யாருக்கும் சொந்தமில்லை. கோயில் விழாவில் நாதஸ்வரமோ செண்டையோ வாசிப்பவர்களிடமும் சம்மதம் வாங்க வேண்டும், கலைஞர்களுக்கும் சட்டத்தில் உரிமை உண்டு.

முடித்த படத்தை எங்கே அனுப்புவது? நிதி கிடைக்குமா? சென்சார் வேண்டுமா? (சித்தூர், குமுளி, தென்காசி)

உங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பது கேரள மாநில சலச்சித்ர அகாடமி 2008 முதல் திருவனந்தபுரத்தில் நடத்தும் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா. மும்பை சர்வதேசத் திரைப்பட விழா 1990-ல் தொடங்கியது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது, அதுவும் ஆவணப்படம், குறும்படம், அனிமேஷனுக்கானதே. யூடியூப்பில் போடுவதை ஓராண்டு தள்ளிவையுங்கள். இணையத்தில் வெளியான படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை.

பொதுத் திரையரங்கில் காட்ட 1952-ம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். தணிக்கை வாரியத்தின் மண்டல அலுவலகங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கின்றன. விழாக்களுக்கு வேண்டிய விலக்கை நடத்துபவர்களே வாங்குவார்கள்.

நிதிக்குப் பெங்களூரு இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் இருக்கிறது, கலை சார்ந்த விஷயமாக இருந்தால். கொல்கத்தாவின் டாக்எட்ஜ், படத்தை எடுத்துச் சொல்லித் தயாரிப்பாளர்களைச் சந்திக்க வைக்கும் மேடை. எங்கே போனாலும் இரண்டு மூன்று நிமிட மாதிரிக் காட்சி கேட்பார்கள். வெறும் எழுத்தில் யாரும் பணம் தருவதில்லை. அதனால் முதல் படத்தைக் கைக்காசில், பத்து நிமிடத்தில் எடுங்கள், அதுவே அடுத்த படத்துக்கான மாதிரி.

விழா தேர்ந்தெடுத்தால் டிசிபி, அதாவது தியேட்டரில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் வடிவம், கேட்பார்கள். டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே செய்யலாம். அனுப்பும் முன், பக்கத்து ஊர்த் தியேட்டரில் காலைக் காட்சிக்கு முன்னால் அரை மணி நேரம் கேட்டு ஓட்டிப் பாருங்கள். லேப்டாப்பில் சரியாகத் தெரிந்த இருட்டுக் காட்சி பெரிய திரையில் வெறும் கறுப்பாக இருக்கலாம், ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் பேச்சு வரலாம், சப்டைட்டில் திரைக்கு வெளியே போய் நிற்கலாம். அதைத் திருத்த இரண்டு நாளாவது கையில் இருக்கும்படி தேதி வைத்துக்கொள்ளுங்கள்.